அண்ணே என்ற சொல் எப்போது வசையாகிறது?

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றினார்கள். கீழ்த்தளத்தில் நீளமான பிளாஸ்டிக் குழாய்களை அடுக்கி வைத்து இரண்டு ஊழியர்கள் அளந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டு வந்த என் அக்காள் மகன், எட்டு வயதுப் பையன், அவர்களைக் காட்டி, "மாமா, பங்களா வந்து பைப் மாத்துறாங்க" என்றான். அளவுநாடாவைப் பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நான் பங்களா இல்ல தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கம்" என்றார். அவருக்கு எதிரே குந்தியிருந்தவர் உண்மையிலேயே பங்களாதேஷ்காரர். அவருக்குத் தமிழ் புரியும். தமிழ்நாட்டு ஊழியர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்து தமிழ் பேசக் கற்றுக்கொண்ட பங்களாதேஷ் ஊழியர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் குழாயின் அறுபட்ட வாயைச் சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பையன் எவரையும் திட்டும் எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. பள்ளியிலும் பேருந்திலும் காதில் விழுந்த சொல்லை, மின்தூக்கி, குப்பைத்தொட்டி என்று பொருள்களின் பெயரைச் சொல்வது போலச் சொன்னான். பட்டுக்கோட்டைக்காரரும் கோபப்படவில்லை. ஆனால் 'பங்களா' என்பது வங்காளிகள் தங்கள் மொழிக்கு வழங்கும் பெயர். அந்த மொழிக்காக 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் உயிர் கொடுத்தார்கள்; அந்த நாளைத்தான் யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. மொழிக்காக உயிர் கொடுப்பது என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட பெயர், சிங்கப்பூரில் மஞ்சள் காலணியும் தலைக்கவசமும் அணிந்த தெற்காசிய ஆண் எவரையும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, வசைப்பெயர் என்பது என்ன, அது எந்த மூலப்பொருளிலிருந்து உருவாகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் திட்டுக்கும் வசைப்பெயருக்கும் உள்ள வேறுபாடு. ஒருவரை 'சோம்பேறி' என்றோ 'பொய்யன்' என்றோ திட்டினால், அது அவர் செய்ததாக நாம் நினைக்கும் ஒரு செயலைப் பற்றியது. அவர் மறுக்கலாம், திருந்தலாம், நாம் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பிறகு வருந்தலாம். வசைப்பெயர் அப்படி மறுக்க இடம் கொடுப்பதில்லை. அது ஒருவர் என்ன செய்தார் என்பதைத் தொடாமல், அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர், அந்தக் கூட்டம் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் அறிவிக்கிறது. அதனால்தான் பெரும்பாலான வசைப்பெயர்களை அகராதியில் தேடினால் அவமானமான பொருள் எதுவும் கிடைப்பதில்லை. ஓர் ஊரின் பெயர், ஒரு தொழிலின் பெயர், ஓர் உறவுமுறைச் சொல் இவைதாம் கிடைக்கும். அவமானம் சொல்லின் பொருளில் இல்லாமல், அது யாரால், யாரை நோக்கி, எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. கடல் கடந்த தமிழ்ச் சொற்கள் சிலவற்றின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

'கூலி' என்பது நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். 'அன்னன்னைக்குக் கூலி வாங்கிட்டு வந்துருவேன்' என்று சொல்வதில் எந்த இழிவும் இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்ற சொல் இதிலிருந்து வந்தது என்று ஒரு சாராரும், குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலரும் கருதுகிறார்கள்; இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும். 1834இல் மொரீஷியஸுக்கும் 1860இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டபோது, ஊதியத்தின் பெயர் ஊதியம் வாங்குபவரின் பெயராகிவிட்டிருந்தது. நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. அடுத்த கட்டத்தில் அது இனத்தின் பெயராயிற்று. 1893இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் இறங்கியபோது, சட்டம் படித்து, கோட்டு அணிந்து வந்த அவரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அவர் ஒரு நாளும் கரும்புத் தோட்டத்தில் நின்றதில்லை; ஆனாலும் அவர் தோலின் நிறமும் அவர் வந்த திசையும் அந்தச் சொல்லுக்குப் போதுமானவையாக இருந்தன. தொழிற்பெயர் இனப்பெயராவது இப்படித்தான்.

அதே நாட்டில் 'சாமி' என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது. முனுசாமி, ராமசாமி என்று பெயர் வைத்திருந்த தமிழ்த் தொழிலாளர்கள் நிறைய இருந்ததால், இந்தியர் எவரையும் 'சாமி' என்று கூப்பிடுவது வெள்ளையர்களின் வழக்கமாயிற்று. காந்தி தம் தன்வரலாற்றில் இதை விளக்குகிறார்: அப்படிக் கூப்பிடுவதை விரும்பாத, பேசத் தெரிந்த இந்தியர்கள், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உங்கள் எசமான் இல்லையே என்று பதில் சொல்வார்களாம். அந்தப் பதிலைக் கேட்டுச் சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் அடிக்கவும் வந்தார்கள். பொருளைச் சுட்டிக்காட்டினால் வசைப்பெயர் கரைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சொன்னவருக்குப் பொருள் தெரியாததால் அந்தச் சொல் வசையாகவில்லை. பொருள் தெரிந்த பிறகும் அவர் நின்ற படி மாறவில்லை என்பதால்தான் அது வசையாகவே தொடர்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் வளர்ந்த தமிழர்களில் 'ஆ நே' என்ற சொல்லைப் பள்ளியில் கேட்காதவர்கள் குறைவு. நாம் கடைக்காரரையும் பேருந்து ஓட்டுநரையும் அன்போடு விளிக்கும் 'அண்ணே'தான் அது. தமிழர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதைக் கேட்ட மற்றவர்கள், அதையே தமிழர்களுக்கான பெயராக, பிறகு கறுப்பான எவருக்கும் வைக்கும் கேலிப்பெயராக ஆக்கிவிட்டார்கள். நான் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பில் இருந்தபோது, என் இருக்கையைத் தாண்டிப் போகும் ஒரு மாணவன் ஒவ்வொரு நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வான். வீட்டுக்கு வந்து என் அண்ணனை 'அண்ணே' என்று கூப்பிடச் சில வாரம் எனக்கு வாய் வரவில்லை. என் அம்மா கேட்டதற்கு நான் காரணம் சொல்லவில்லை. ஒரு மொழியின் பாசச் சொல்லை அந்த மொழிக்காரரின் வாயிலிருந்தே பிடுங்கிவிடும் ஆற்றல் வசைக்கு உண்டு என்பதை அப்போது நான் அறிந்தேன், விளக்கத் தெரியவில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 'மாமா'வும் இப்படிக் கடன் போன உறவுச் சொல்தான். சிங்கப்பூரில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறு மளிகைக் கடையை எல்லா இனத்தவரும் 'மாமா கடை' என்கிறார்கள். மலேசியாவில் இந்திய முஸ்லிம் உணவகங்கள் 'மாமாக்' ஆயின. 'மாமா கடைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வா' என்று ஒரு சீனத் தாய் பிள்ளையிடம் சொல்வதில் பெரும்பாலும் வசை இல்லை. இரண்டும் உறவுச் சொற்கள், இரண்டும் ஒரே வழியாகப் போனவை. ஒன்று கடையின் பெயராக நின்றது, மற்றொன்று இழிவாயிற்று. கடைக்காரர் முதல் போட்டவர், அவரிடம் மற்றவர்கள் சாமான் வாங்கப் போகிறார்கள். 'ஆ நே' என்று கேலி செய்யப்பட்டவர் சாலை பெருக்கியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சொல் எந்த வேலையின் மேல் போய் ஒட்டியது என்பது அதன் விதியைப் பெரிதும் முடிவு செய்தது என்று நான் நினைக்கிறேன்.

மலாய் பேசும் வட்டாரத்தில் தென்னிந்தியரை இழிவாகக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு தவறான விளக்கம் பரவலாக வழங்குகிறது. பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த கைதிகளின் காற்சங்கிலி எழுப்பிய 'கிளிங்' ஒலியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கைதிகள் வந்தது உண்மை; செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்களே. ஆனால் அந்தச் சொல் அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகர்களைக் குறிக்கப் பழைய மலாய் நூல்களில் மரியாதைக் குறைவின்றி வழங்கியது. மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அந்தப் பழைய பொருளின் சான்றுகள். வணிகர்கள் வந்த கடல்வழியில் பிறகு தோட்டத் தொழிலாளர்களும் சாலைப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெயர் அதேதான், அதைச் சுமப்பவரின் வருமானம் குறைந்தது, பெயரின் மதிப்பும் கூடவே இறங்கியது. சிங்கப்பூரில் 'கிளிங் தெரு' என்று இருந்த தெரு 1920களில் சூலியா தெரு ஆயிற்று. சங்கிலிக் கதை பொய்யென்றாலும், மக்கள் அதை ஏன் நம்பினார்கள் என்பது விளங்குகிறது. அந்தச் சொல் கேட்பவரின் காதில் ஏற்கெனவே சங்கிலி போலத்தான் ஒலித்தது.

இதுவரை சொன்ன சொற்களை நாம் நல்ல பொருளில் கொடுத்தோம், மற்றவர்கள் கெடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சொல்லைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் மலாயிலும் 'ஒதுக்கப்பட்டவன்', 'கீழ்மகன்' என்ற பொருளில் வழங்கும் 'பரியா' என்ற சொல் பறையர் என்ற பெயரிலிருந்து போனது. புறநானூற்றின் 335ஆம் பாடல், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்று பெருமையோடு பேசுகிறது. பறை அடிப்பவரின் பெயர் அங்கே ஒரு மூத்த குடியின் பெயர். அதை வசையாக மாற்றிய பிறகுதான் தமிழ்ச் சமூகம் உலகத்துக்குக் கொடுத்தது. சிங்கப்பூர்த் தமிழன் ஒருவன் 'ஆ நே' கேட்டு வருந்தும்போது, அதே நாவால் தன் வீட்டுக்குள் என்ன சொல் வழங்கியது என்பதையும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறான். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனதும், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியதும் இந்தக் கேள்வி இங்கே வெளிப்படையாகக் கேட்கப்பட்டதன் அடையாளங்கள்.

வசைப்பெயரைச் சுமக்கும் மக்கள் அதை எதிர்கொள்ளும் இரண்டு வழிகளையும் அந்தச் சொல்லின் வரலாற்றிலேயே காணலாம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவென்று நீங்கள் சொல்லும் பெயரை நான் தலை நிமிர்ந்து சொல்வேன் என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்து, எங்கள் மேல் பகைவர் சுமத்திய பெயர் இது என்று வாதிட்டு, 1907இல் தொடங்கிய தம் இதழைத் 'தமிழன்' என்னும் பெயரில் நடத்தினார். எது சரி என்று வெளியே நிற்பவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் உறுதி: ஒரு வசைப்பெயரைத் திரும்ப எடுத்துப் பெருமைப்பெயராக்கும் உரிமை, அதைச் சுமந்தவர்களுக்கு மட்டுமே உண்டு.

அடுத்து, இந்த விளக்கத்தில் தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் பகுதி. வசைப்பெயருக்கு வேறு இனம், வேறு நிறம், வேறு நாடு எதுவும் கட்டாயமில்லை. ஒரே நாட்டுக்குள், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலை தேடிப் போவதை உள்நாட்டுப் புலம்பெயர்வு என்கிறோம். அதுவும் இதே வகைப் பெயர்களை உண்டாக்குகிறது.

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் வறட்சியும் புழுதிப்புயலும் கடனும் சேர்ந்து சிறு விவசாயிகளை நிலத்திலிருந்து துரத்தின. இலட்சக்கணக்கானோர் கலிபோர்னியாவுக்குப் போய்ப் பருத்தியும் பழமும் பறித்தார்கள். அவர்கள் வெள்ளையர்கள், கிறித்தவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள், பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியாவில் அவர்களுக்கு 'ஓக்கி' என்று பெயர் வைத்தார்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் பெயரைச் சுருக்கிய சொல் அது. ஆனால் டெக்ஸஸிலிருந்தும் மிசௌரியிலிருந்தும் வந்தவர்களும் ஓக்கிகளே ஆனார்கள், பட்டுக்கோட்டைக்காரர் பங்களா ஆனது போல. அழுக்கானவர்கள், சோம்பேறிகள், பிள்ளை பெற்றுத் தள்ளுபவர்கள் என்று, வேற்று இனத்தவரைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றையும் இந்தச் சொந்த இனத்தவரைப் பற்றியும் சொன்னார்கள். 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை தன் ஆட்களை மாநில எல்லைக்கே அனுப்பி ஏழைகள் நுழைவதைத் தடுத்தது. மனைவியின் சகோதரரை டெக்ஸஸிலிருந்து அழைத்து வந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில்தான், 1941இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏழை என்பதற்காக ஒரு குடிமகனை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுக்கும் சட்டம் செல்லாது என்றது.

இந்தியாவில் இதன் இணையை நாம் இரு பக்கத்திலிருந்தும் அனுபவித்திருக்கிறோம். 1966இல் சிவசேனை தொடங்கியபோது பம்பாயில் அதன் முதல் இலக்கு 'மதராசி'. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடு அங்கே தேவைப்படவில்லை. லுங்கியைக் கேலி செய்யும் முழக்கமே போதுமானதாக இருந்தது. சில பத்தாண்டுகளில் மதராசியின் இடத்துக்கு உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்த தொழிலாளர்கள் வந்தார்கள். 2008இல் அவர்கள் அங்கே தாக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மும்பையில் வழங்கும் பெயர் 'பையா'. இந்தியில் பையா என்றால் அண்ணன். சிங்கப்பூரில் அண்ணேயும் மும்பையில் பையாவும் ஒருவரையொருவர் அறியாமல், கடல் கடந்தும் கடக்காமலும், ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் உணர்ந்த அன்று நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மொழியும் மதமும்கூட வேறாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையின் மலையகத் தமிழர்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. பிறகு வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களை, அங்கிருந்த தமிழர்களில் பலர் 'தோட்டக்காட்டான்' என்றார்கள், 'வடக்கத்தியான்' என்றார்கள். தமிழனைத் தமிழன் தமிழில் சொன்ன வசை அது. தேயிலைக் கூடை சுமந்த முதுகு என்பதைத் தவிர, அங்கே வேறுபாடு எதுவும் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? மனிதர்கள் இயல்பாகவே அந்நியரை வெறுப்பவர்கள் என்ற பதில் எளிதானது, ஆனால் போதாது. அந்நியரான வங்கி மேலாளருக்கு எவரும் உடனே வசைப்பெயர் வைப்பதில்லை. புதிதாக வரும் தொழிலாளி குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார், கடனோடு வந்திருப்பதால் எதிர்த்துப் பேச முடியாதவராக இருக்கிறார், மலிவான இடத்தில் பலரோடு நெருக்கியடித்துத் தங்குகிறார். அந்த நெருக்கடி அவருடைய குணமாகப் பேசப்படுகிறது. பத்துப் பேர் ஓர் அறையில் தங்க நேர்ந்தவர்களைப் பார்த்து, 'இவங்களுக்கு இப்படி இருக்கத்தான் பிடிக்கும்' என்கிறார்கள். வசைப்பெயர் செய்யும் முக்கியமான வேலை இதுதான்: ஒரு நிலைமையை ஓர் இயல்பாக மாற்றிக் காட்டுவது. அப்படிக் காட்டிவிட்டால் அந்தக் கூலியைக் கூட்டவோ அந்த அறையைப் பெரிதாக்கவோ எவருக்கும் பொறுப்பில்லை.

இதில் முதலாளிக்கு என்ன ஆதாயம் என்பது தெரிகிறது. அதே வகை வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன ஆதாயம்? அமெரிக்கச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1935இல் இதற்கு ஒரு பதில் எழுதினார். தென்மாநிலங்களின் வெள்ளை ஏழைத் தொழிலாளிகள், கறுப்புத் தொழிலாளிகளோடு சேர்ந்து உயர்ந்த ஊதியம் கேட்காமல் ஒதுங்கி நின்றதற்குக் காரணம், குறைந்த கூலியோடு சேர்த்து அவர்களுக்கு மனத்துக்கான ஒரு கூலியும் கொடுக்கப்பட்டது என்றார். பொதுவிடத்தில் கிடைக்கும் மரியாதையும், 'நான் அவன் இல்லை' என்ற நிம்மதியுமே அந்தக் கூலி. அதற்குப் பணம் செலவில்லை. எனவே தாராளமாகக் கொடுக்கலாம். உழைக்கும் மக்களின் அடையாளம் இப்படித்தான் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. 'நாம் உழைப்பவர்கள்' என்று தொடங்க வேண்டிய பேச்சு, 'நாம் அவர்களைப் போன்றவர்கள் இல்லை' என்று தொடங்கிவிடுகிறது.

பட்டுக்கோட்டைக்காரரின் பதிலை இப்போது திரும்பப் பாருங்கள். அவர் அந்தச் சொல் தவறு என்று சொல்லவில்லை. அது தமக்குரியது இல்லை என்று மட்டும் சொன்னார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாளெல்லாம் அந்தப் பெயரால் கூப்பிடப்படுபவருக்கு, என் ஊர் இது என்று சொல்லிக்கொள்வது பிடித்து நிற்க ஒரு கொம்பு. ஆனால் அவர் விலகிய இடத்தில், அவருடைய கூட்டாளி தனியாக அந்தச் சொல்லோடு விடப்பட்டார். பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பங்களாதேஷ்காரர் அவரைப் பார்த்து, "அண்ணே, அந்தக் கம்பி எடுங்க" என்றார். எங்கள் இருவரின் முன்னாலும் அன்று 'அண்ணே' என்ற சொல்லை அதன் நேரான பொருளில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. 'நம்ம ஊர்க்காரர்' என்றால் தமிழில் நெருங்கியவர் என்று பொருள். சிங்கப்பூரில் 'ஊர்' என்பது இந்தியாவின் பெயராகிவிட்டதால், 'ஊர்க்காரன்' என்றால் நம்மைச் சேராதவன் என்றாகிவிட்டது. 'நீங்க லோக்கலா, ஊர்க்காரங்களா?' என்ற கேள்வியில் சில நேரம் வெறும் ஆர்வம் இருக்கும். சில நேரம் ஒரு கோடு கிழிக்கப்படும். நம் தாத்தாக்களில் பலர் இதே வழியில் வந்தவர்கள், ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் பலர். 1965 வரை அது ஏறத்தாழ உள்நாட்டுப் பயணம்தான். அவர்களைத் தோட்டத்து ஆள் என்று சிரித்தவர்களும் தமிழர்களே. படித்து, அலுவலக வேலைக்கு வரும் இந்தியர்களும் தப்புவதில்லை. 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் ஆங்கிலச் சுருக்கமான 'சீக்கா' இணையத்தில் அவர்களுக்கான வசையாகிவிட்டது. ஓர் உடன்பாட்டின் பெயர்கூட மனிதர்களின் மேல் ஒட்டும்.

ஆனால் ஊழியர் விடுதியில் இருப்பவரின் நிலை வேறு. வேலை அனுமதிச்சீட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் ஒரு விடுதி வரவிருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டன. விடுதி வந்தது, ஆனால் தனிப் பாதையோடு வந்தது. 2020இல் கொவிட் விடுதிகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தொற்று பரவத் தொடங்கிய காலத்திலேயே அவர்களுடைய பழக்கவழக்கங்களைக் குறை கூறி ஒரு வாசகர் சீன நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அன்றைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நிலைமை இயல்பாக மாற்றிக் காட்டப்படுவதற்கு அந்தக் கடிதத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சட்டம் ஒன்றும் இல்லை என்பதில்லை. இன உணர்வைப் புண்படுத்தும் நோக்கோடு பேசுவது சட்டப்படி குற்றம். 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் நான் மேலே காட்டிய சொற்களில் பாதி, இனத்தைவிட வேலையையும் விடுதியையும்தான் குறிவைக்கின்றன. தமிழ் ஊடகங்கள் 'வெளிநாட்டு ஊழியர்' என்று எழுதுகின்றன. கேரள அரசு உள்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளர்களை விருந்தினர் என்ற பொருளில் 'அதிதித் தொழிலாளி' என்கிறது. இவை நல்ல முயற்சிகள், நானும் இவற்றையே பயன்படுத்துகிறேன். என்றாலும் அண்ணனையும் சாமியையும்விட உயர்ந்த சொல்லை நாம் கண்டுபிடித்துவிட முடியாது, அவற்றுக்கே அந்தக் கதி நேர்ந்தது. அந்த வேலைக்கான கூலியும், அந்த அறையின் அளவும், அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் நிபந்தனைகளும் மாறாத வரை புதிய சொல்லும் பழைய இடத்துக்கே இறங்கும்.

தமிழ்நாட்டில் இப்போது வழங்கும் சொல் 'வடக்கன்'. திருப்பூரின் ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்ய பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வருபவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரே பெயர். இந்தித் திணிப்பை எதிர்க்க நமக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கோபம் தில்லியில் சட்டம் எழுதுபவரை எட்டாமல், செங்கல் தூக்குபவரின் தலையில் இறங்குகிறது. அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே அன்று. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, அச்சத்தில் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை அவற்றை மறுத்து வழக்குப் பதிந்தது. பீகார் அரசு நேரில் விசாரிக்க ஒரு குழுவை அனுப்பியது. பொய் அவ்வளவு விரைவாக நம்பப்பட்டதற்கு, அந்தச் சொல்லை அவர்கள் நாள்தோறும் கேட்டு வந்ததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

குழாய் வேலை எங்கள் மாடியை எட்டிய நாளில் பட்டுக்கோட்டைக்காரருக்குத் தேநீர் கொடுத்தேன். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் படங்களைக் காட்டினார். எட்டு ஆண்டு சிங்கப்பூர்ச் சம்பளம் அந்தச் சுவர்களில் இருந்தது. கூடத்துக்கு வெள்ளைத் தளக்கற்கள் பதித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் ஒரு படத்தில் இருந்தார்கள். ஒருவர் முழங்காலில் கிழிந்த துணியைக் கட்டியிருந்தார். "வடக்கனுங்க. வேலை சுத்தமா இருக்கும்" என்றார். அவர்கள் எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டேன். படத்தை விரலால் பெரிதாக்கி இரண்டு முகங்களையும் சற்று நேரம் பார்த்தார்.

"தெரியலண்ணே. மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்றார்.